கதவில் ஒட்டிய அழைப்பாணையும் 14 நாட்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தோட்டங்களில் கடன் வசூலிக்க வருபவர்கள் வாசலில் நின்று கத்துவதைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதிவிட்டன. அது அசிங்கமான காரியம், சந்தேகமில்லை. ஆனால் கத்துகிற அந்த வசூல் கலெக்டர் கையால் எந்த வீடும் போவதில்லை. வீடு போவது காணி உறுதி எழுதும் நொத்தாரிசின் மேசையிலும், பிரிக்காமல் கிடக்கும் கடித உறையிலும். இந்த இரண்டைப் பற்றியும் இலங்கையின் மலையக வாசகர்களுக்குக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல இடம் தாருங்கள்.

கடித உறையிலிருந்து தொடங்கலாம். மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைத்ததும் அழைப்பாணை பெரும்பாலும் முதலில் பதிவுத் தபாலில் வரும். தோட்டத்து விலாசத்தில் லயத்தின் இலக்கமோ காம்பரா இலக்கமோ இருக்காது. தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் இருக்கும், அவ்வளவுதான். ஒரே டிவிஷனில் ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போகும், அங்கிருந்து காலையில் வேலைக்குப் பேர் போடும் பிரட்டுக்களத்துக்கு, பிறகு யாராவது ஒரு பிள்ளையின் புத்தகப் பைக்குள். உரியவர் கைக்கு வரும்போது வழக்குத் திகதி சில வேளை கடந்திருக்கும். இன்னொரு கூட்டம் இருக்கிறது: கையெழுத்துப் போட்டு வாங்கினால் மாட்டிக்கொள்வோம் என்று தபால்காரரைத் திருப்பி அனுப்புகிறவர்கள். தபால் திரும்பிப் போனால் நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் பிஸ்கல் உத்தியோகத்தர் நேரில் வருவார். ஆள் அகப்படாவிட்டால் நீதிமன்றக் கட்டளைப்படி கதவில் ஒட்டிவிட்டுப் போவார். ஒட்டினால் கொடுத்த மாதிரித்தான். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்ததால் நின்றுபோன வழக்கு ஒன்றும் கிடையாது.

ஆகவே வாங்குங்கள். வாங்கிய அன்றே உறையின் மேல் திகதியையும் யார் கொண்டுவந்து தந்தார் என்பதையும் பேனாவால் எழுதுங்கள். உறையை எறிய வேண்டாம். தபால் முத்திரையில் உள்ள திகதிதான் பிற்பாடு 'எனக்குப் பிந்தித்தான் கிடைத்தது' என்பதற்குச் சாட்சி. உள்ளே பார்க்க வேண்டியவை நீதிமன்றத்தின் பெயர், வழக்கு இலக்கம், ஆஜராக வேண்டிய திகதி ஆகிய மூன்றும். கடிதம் சிங்களத்தில் இருந்தாலும் இலக்கங்களை வாசிக்கலாம். ஒரு படம் பிடித்துப் பிள்ளைகளின் போனில் வைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் கூரை ஒழுகுகிற காம்பராவில் கடதாசி எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தத் திகதிக்கு ஒரு கிழமைக்கு முன்பாவது சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும். அன்று உங்கள் சார்பில் பிராக்ஸி (உங்களுக்காக ஆஜராகும் அதிகாரப் பத்திரம்) போட்டு, மறுமொழி கொடுக்கத் தவணை கேட்பார். சட்டத்தரணிக்குக் காசு சேரவில்லை என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். நீங்களே போய், பெயர் கூப்பிடும்போது எழுந்து நின்று தவணை கேட்கலாம். நீதிமன்ற மொழி உங்களுக்கு விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கேட்பது உதவி கேட்பது ஆகாது. அது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தந்த உரிமை, செலவு அரசாங்கத்துடையது.

போகாவிட்டால் என்ன? வாதியின் சாட்சியத்தை மட்டும் கேட்டு நீதிமன்றம் ஒருதலைத் தீர்ப்பு வழங்கும். பிறகு அந்தத் தீர்ப்பாணையின் பிரதி உங்களுக்கு வந்து சேரும். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 86(2) பிரிவு அன்றிலிருந்து 14 நாட்கள் தருகிறது. அந்த 14 நாட்களுக்குள் மனுவும் சத்தியக்கடதாசியும் (சத்தியம் செய்து கையெழுத்திட்ட வாக்குமூலம்) கொடுத்து, வாதிக்கும் அறிவித்து, வராமல் போனதற்கு நியாயமான காரணம் காட்டினால் தீர்ப்பு நீக்கப்பட்டு வழக்கு புதிதாக நடக்கும். 15ஆம் நாள் போனால் நீதிபதிக்கு மனமிருந்தாலும் வழியிராது. நாட்களை எண்ணும்போது வேலை நாட்களை மட்டும் எண்ணாதீர்கள். சனி, ஞாயிறு, போயா எல்லாம் சேர்ந்துதான் 14.

எது நியாயமான காரணம்? ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் டயக்னோசிஸ் கார்டு. மண்சரிவில் பாதை அடைபட்டிருந்தால் கிராம உத்தியோகத்தரின் கடிதம். அழைப்பாணை வேறு ஆளிடம் போயிருந்தால் அந்த ஆளின் சத்தியக்கடதாசி. 'மறந்துட்டேன்', 'அன்னைக்குப் பேரு போட வேண்டியிருந்துச்சு', 'கையில காசு இல்ல' என்பவை செல்லாது.

எல்லாக் கடன் வழக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. வங்கி அல்லது பதிவுபெற்ற நிதி நிறுவனம் 1 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட கடனுக்கு 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் வழக்கு வைத்தால், உங்கள் கைக்கு முதலில் வருவதே ஒரு தீர்ப்பாணையாக இருக்கும். 'டிக்ரி நைசை' என்பது அதன் பெயர். வாங்கியவர்கள், தீர்ப்பே வந்துவிட்டது, இனி என்ன செய்ய என்று இடிந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அது முடிந்த தீர்ப்பு கிடையாது. குறித்த திகதியில் நீங்கள் காரணம் காட்டாவிட்டால்தான் அது முடிவாகும். ஆனால் சாதாரண வழக்கைப் போல வெறுங்கையோடு போய்த் தவணை வாங்கிக்கொண்டு வரவும் முடியாது. தோன்றிக் காரணம் காட்ட அனுமதி கேட்டு மனுவும் சத்தியக்கடதாசியும் போட வேண்டும். அதில் நிறுவனத்தின் கணக்கை நேருக்கு நேர் தொட வேண்டும்: இந்த இந்தத் திகதியில் கட்டிய தவணைகள் வரவில் இல்லை, ஒப்பந்தத்தில் இல்லாத வட்டி போடப்பட்டிருக்கிறது, பிணையாளி என்று இருக்கும் கையெழுத்து என்னுடையதல்ல என்று குறிப்பாக. விசாரிக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்று நீதிபதிக்குத் தோன்றினால் அனுமதி கிடைக்கும். தோன்றாவிட்டால் முழுப் பணத்தையோ ஒரு பிணையையோ நீதிமன்றத்தில் வைத்துவிட்டுத்தான் வழக்காடச் சொல்லலாம். 'கஷ்டப்படுகிறேன், கொஞ்சம் பொறுங்கள்' என்று மட்டும் எழுதிய சத்தியக்கடதாசி, கடனை நீங்களே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட தாள்.

காசோலை, புரோநோட் (கடனைத் திருப்பித் தருவதாக எழுதிய சீட்டு) கையில் வைத்திருக்கும் தனியாரும் சுருக்க நடவடிக்கை முறையில் இதே மாதிரி வருவார்கள். அங்கேயும் வழக்காட முன் அனுமதி பெற வேண்டும். சிறிய தொகையாக இருந்தால் வழக்குக்கு முன் மத்தியஸ்த சபைக்குக் கூப்பிடுவார்கள். போய்வாருங்கள். அங்கே சட்டத்தரணிகள் ஆஜராவதில்லை, கட்டணமும் இல்லை. விளங்காத மொழியில் எழுதிய இணக்கத்தில் மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள்.

மறுமொழியில் என்ன எழுதலாம் என்பதற்குக் கணக்குப் பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் வெல்லக்கூடிய வழக்கைத் தோற்கிறார்கள். மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 1 இலட்சம் வாங்கினால் வருடத்துக்கு வட்டி மட்டும் 1 இலட்சத்து 20 ஆயிரம். 1852ஆம் ஆண்டின் குடியியற் சட்டக் கட்டளைச் சட்டம், நிலுவை வட்டி அசலைத் தாண்டக்கூடாது என்கிறது. அசல் 1 இலட்சமானால் தனியார் ஒருவர் வழக்கில் அறவிடக்கூடிய நிலுவை வட்டி அதிகம் போனால் இன்னொரு 1 இலட்சம்தான். அதைவிட, வட்டிக்குக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர் வாங்கும் புரோநோட்டில் உண்மையில் கொடுத்த அசல், முன்கூட்டியே வெட்டிய வட்டி, வருட வட்டி வீதம் மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணம் கடன்கொடுத்தல் கட்டளைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறது. வெற்றுத் தாளில் முத்திரை ஒட்டி, அதன் மேல் கையெழுத்து வாங்கி, பிறகு தொகையை நிரப்புகிற வழக்கம் நம் டவுன்களில் எங்கும் உண்டு. அப்படிப்பட்ட புரோநோட்டை வைத்து வழக்கு வந்தால் சட்டத்தரணியிடம் முதலில் காட்ட வேண்டியது இதைத்தான்.

காலாவதியும் அதே மாதிரி. எழுத்திலுள்ள கடனுக்கு 6 வருடம், வாய்ப்பேச்சுக் கடனுக்கு 3 வருடம், கடையில் வாங்கிய சாமானுக்கு 1 வருடம், ஈட்டுக்கு, அதாவது அடமானத்துக்கு, 10 வருடம் என்று 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் வரையறுக்கிறது. நீதிபதி தானாக இதை எடுத்துச் சொல்ல மாட்டார். மறுமொழியில் நீங்கள் எழுப்ப வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய கடனுக்குத் திடீரென்று ஒருவர் வந்து, 'அக்கா, பெரிசா ஒன்னும் வேணாம், ஒரு 500 ரூபா மட்டும் கட்டுங்க, இந்த வெள்ளைத் தாளில ஒரு கையெழுத்துப் போடுங்க, கேஸ் போகாம நான் பாத்துக்கிறேன்' என்று நைசாகப் பேசுவார். பகுதித் தொகை கட்டுவதும் கடன் இருக்கிறது என்று எழுத்தில் ஒப்புக்கொள்வதும் அந்தக் கடிகாரத்தை மறுபடி பூச்சியத்திலிருந்து ஓடவைக்கும். அந்த 500 ரூபாவுக்கு அவர் காட்டும் கரிசனையின் காரணம் அதுதான்.

ரசீதைப் பற்றி ஒரு வார்த்தை. கலெக்டர் கையிலுள்ள சின்ன மெஷினில் வரும் பளபளப்பான துண்டுச் சீட்டில் எழுத்து நிற்காது. அடுப்படியில், அலுமாரிக்குள், சட்டைப் பையில் எங்கே வைத்தாலும் சில மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே படம் பிடிக்கவும், மாதக் கடைசியில் போட்டோ கொப்பி எடுக்கவும். கட்டிய காசை நிரூபிக்க முடியாமல் அதையே இரண்டாம் முறை கட்டியவர்கள் ஏராளம்.

இனி வீடு. எந்த வீடு என்பதைப் பொறுத்துத்தான் ஆபத்து. லயத்துக் காம்பரா தொழிலாளியின் சொத்தாகப் பதிவானதல்ல. காணி அரசாங்கத்தினுடையது, 1992க்குப் பிறகு கம்பனிகளிடம் குத்தகைக்கு இருப்பது. உங்கள் கடனுக்காக அதை ஏலம் போட எந்த நிறுவனத்தாலும் முடியாது. 'லயத்துக்குப் பூட்டுப் போடுவோம்' என்பது வெறும் மிரட்டல். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் உள்ளே நுழைந்து டீவியைத் தூக்கினால் அது அத்துமீறல், பொலிசில் முறையிடலாம். கடனை வசூலித்துக் கொடுப்பது பொலிசின் வேலையுமல்ல. ஆனால் கணக்கில் காசில்லை என்று தெரிந்தே காசோலை எழுதிக் கொடுத்திருந்தால் அது குற்றம், அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பிரதேச செயலகத்தில் பெர்மிட் கொடுத்த காணியாக இருந்தால் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அதற்கு ஒரு காப்பு. சாதாரணப் பணத் தீர்ப்பாணைக்காக அதைப் பிடித்து விற்க விடாது. அளிப்பு உறுதி (அரசாங்கம் தரும் காணிப் பத்திரம்) கிடைத்த காணியையும் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது. 7 பேர்ச் காணியில் வீடு கிடைத்தவர்கள் உறுதி கைக்கு வந்திருந்தால் அதிலுள்ள நிபந்தனைகளை ஒருவரைக் கொண்டு வாசிப்பித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். உறுதி இன்னும் வராத வீட்டை முத்திரைத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தத் தாளுக்குக் காணி மாறாது. நொத்தாரிசு முன் முறைப்படி நிறைவேற்றாத காணி எழுத்துக்கு 1840ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் வலு இல்லை.

டவுனிலும் கொலனியிலும் சொந்த உறுதியோடு வீடு வைத்திருப்பவர்களுக்குத்தான் உண்மையான கவலை. அவர்களில் வீட்டை ஈடு வைத்தவர்கள் தனி. ஈட்டு வழக்கில் அந்த வீட்டை விற்கவே கட்டளை வரும். வங்கியிடம் ஈடு வைத்திருந்தால் நீதிமன்றத்துக்கே போகாமல் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தால் ஏலம் போடவும் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. கடனின் அசல் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைவானால் அந்தக் குறுக்குவழி இல்லை என்று 2011இல் திருத்தினார்கள். ஏல அறிவித்தல் வந்தவுடன் பார்க்க வேண்டியது அசல் எவ்வளவு என்பதை. வட்டி சேர்ந்து வளர்ந்த தொகையை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

நொத்தாரிசின் மேசைக்கு வருவோம். வட்டிக்குக் கொடுப்பவர்களில் சிலர் ஈடு எழுதுவதில்லை. விற்பனை உறுதியே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள், 'காசைக் கட்டினதும் திருப்பி எழுதித் தாறேன்' என்ற வாய்ப்பேச்சோடு. சிங்களத்தில் எழுதிய உறுதியில் 'உகஸ்' என்றிருந்தால் ஈடு. 'சின்னக்கர' என்றிருந்தால் அறுதியாக விற்றுவிட்டீர்கள். இந்த இரண்டு சொல்லையும் வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சொல் விளங்காவிட்டாலும் முத்திரைக் கட்டணம் காட்டிக் கொடுக்கும். முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம் என்று கணக்குச் சொன்னால் நீங்கள் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். உறுதியின் கடைசியில் நொத்தாரிசின் அத்தாட்சி இருக்கும். பணம் தன் முன்னிலையில் கைமாறியதா இல்லையா என்று அதில் எழுத வேண்டும். 3 இலட்சம் வாங்கிவிட்டு 12 இலட்சம் வாங்கியதாக எழுதியிருந்தால் பேனாவைக் கீழே வையுங்கள்.

குறித்த காலத்துக்குள் மீட்டுக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு எழுதிய உறுதியானால் தவணை நாள் கல்லில் எழுதிய மாதிரி. அதற்கு முன்பே பணத்தைத் தயாராக்கி, வங்கிச் சீட்டின் பிரதியோடு 'திருப்பி எழுதித் தாருங்கள்' என்று பதிவுத் தபாலில் கேளுங்கள். தவணை நெருங்கும்போது கடன் கொடுத்தவர் இந்தியாவுக்கு யாத்திரை போய்விடுவது நாம் கேள்விப்படாத விஷயமல்ல.

ஏற்கெனவே அறுதி எழுதிக் கொடுத்துவிட்டவர்களுக்கும் ஒரு வழி உண்டு. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு, உறுதியை எழுதிக் கொடுத்தவர் உண்மையில் வீட்டை விட்டுக்கொடுக்க எண்ணவில்லை என்று சூழ்நிலை காட்டினால், வாங்கியவர் அதை அவருக்காகவே வைத்திருக்கிறார் என்று கொள்ளச் சொல்கிறது. நீதிமன்றம் பார்ப்பது இவற்றை: வீட்டில் இன்றைக்கும் குடியிருப்பது யார், எழுதிய விலை அயலிலுள்ள விலையோடு ஒத்துப்போகிறதா, உறுதிச் செலவை யார் கட்டினார், வரியும் கரண்ட் பில்லும் யார் பெயரில், மாதாமாதம் வட்டி போயிருக்கிறதா. வட்டி கொடுத்த வங்கிச் சீட்டும் வட்ஸ்அப் செய்தியும் இங்கே தங்கம். இந்த வழக்கு நீளும், செலவாகும், வென்றுவிடலாம் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வீட்டை விட்டு வெளியேறியவருக்கு அது இன்னும் கஷ்டம். ஆகவே 'சும்மா ஒரு மாசம் வெளிய இருங்க' என்றால் வெளியேறாதீர்கள்.

தீர்ப்பு வந்தபின் செய்யும் தவறுகளில் மிகப் பெரியது, வீட்டை அவசர அவசரமாக மனைவிக்கோ மகளுக்கோ நன்கொடை எழுதுவது. கடன் கொடுத்தவரை ஏய்க்க எழுதியது என்று காட்டினால் அந்த உறுதியை நீதிமன்றம் நீக்கிவிடும். பிஸ்கல் பிடிப்பு அறிவித்தல் காணிப் பதிவகத்தில் பதிவான பிறகு எழுதும் உறுதியால் பயனே இல்லை. வீட்டில் உண்மையாகவே அண்ணன் தம்பிக்குப் பங்கிருந்தால் அவர்கள் தங்கள் பெயரில் உரிமைக் கோரிக்கை போடலாம், அதற்குப் பிரிவு இருக்கிறது. பிஸ்கல் வரும்போது எல்லாவற்றையும் அள்ள முடியாது. உடுதுணி, படுக்கை, தொழில் செய்யும் கருவிகள், தொழிலாளியின் கூலி இவற்றைக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 218ஆம் பிரிவு விலக்குகிறது. ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) பணத்திலும் கை வைக்க முடியாது.

வீட்டை ஏலம் விட நாள் குறித்துவிட்டாலும் ஈடு வைத்தோ, வாடகைக்குக் கொடுத்தோ, நீங்களே நல்ல விலைக்கு விற்றோ பணம் புரட்ட அவகாசம் கேட்டு நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போவதை விட அது மேல். ஏலம் ஒழுங்கு தவறி நடந்து அதனால் பெருநட்டம் என்று காட்ட முடிந்தால், பிஸ்கலின் அறிக்கை நீதிமன்றத்துக்குக் கிடைத்து 30 நாட்களுக்குள் அதை நீக்கக் கேட்க அதே கோவையின் 282ஆம் பிரிவு இருக்கிறது. விலை குறைவு என்பது மட்டும் போதாது. அறிவித்தல் ஒட்டப்படவில்லை, இடம் மாறிவிட்டது போன்ற குறை வேண்டும்.

பெரும்பாலான வழக்குகள் இணக்கத்தில்தான் முடிகின்றன. இணக்கத்தில் ஒரு தவணை தவறினால் முழுத் தொகைக்கும் நிறைவேற்றுக் கட்டளை எடுக்கலாம் என்று ஒரு வரி எப்போதும் இருக்கும். ஒரு தவணை தவறினால் என்பதை மூன்று தவணை தவறினால் என்று மாற்றக் கேளுங்கள், சில வேளை ஒத்துக்கொள்வார்கள். கட்டும் திகதியை மாதம் 1 என்று போடவிடாதீர்கள். தோட்டச் சம்பளம் 10ஆம் திகதிதான் வருகிறது. 15 என்று போட்டுக்கொண்டால் ஒரு கிழமை மழையோ வேலைநிறுத்தமோ வந்தாலும் சமாளிக்கலாம். பணத்தை நீதிமன்றத்திலோ வங்கிக் கணக்கிலோ கட்டுங்கள். தீர்ப்புக்குப் பிறகு கலெக்டர் கையில் கொடுத்த காசு கோவையின் 349ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் பதியப்படாவிட்டால், நிறைவேற்றும் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்காது. முழுத் தொகைக்கும் மறுபடி பிஸ்கல் வருவார். கடைசித் தவணை கட்டியதும் தீர்ப்பு நிறைவேறியதாகப் பதியச் செய்து, புரோநோட்டின் மூலப் பிரதியைக் கேட்டு வாங்கி, ஈடு இருந்தால் அதன் விடுவிப்பைக் காணிப் பதிவகத்தில் பதிந்து, பத்திரப் பிரதி எடுத்துப் பார்த்தபின்தான் கடன் முடிந்தது.

குழுக் கடனில் பிணை நின்றவர்களுக்கும் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். முதலில் கடன் வாங்கியவரிடம் கேள் என்று சொல்லும் உரிமையைப் பிணைப் பத்திரத்தின் சின்ன எழுத்திலேயே விட்டுக்கொடுத்திருப்பீர்கள். நிறுவனம் நேரே உங்களிடம் வரலாம்.

வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு சட்டத்தரணியை ஒழுங்குசெய்து கொடுக்கிறது. நீதிமன்றப் பதிவாளரின் அலுவலகத்தில் கேட்டால் அருகிலுள்ள நிலையம் எங்கே என்று சொல்வார்கள். வங்கி, நிதி நிறுவனங்களின் வசூல் அட்டகாசத்துக்கு மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு முறையிடலாம். ஆனால் அந்த முறைப்பாட்டால் வழக்குத் திகதி நகராது. போகும்போது அழைப்பாணை, உறை, கடன் ஒப்பந்தம், ரசீதுகள், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வீட்டு உறுதியின் பிரதி ஆகியவற்றை ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். உறுதியின் மூலப் பிரதியை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

இப்படிக்கு,
கடன் வழக்குகளில் தோன்றும் சட்டத்தரணிகள் சிலர்,
ஹட்டன்.